பெட்டுக்குப் பக்கத்துல யார் இருக்கா?

(மதுரையில் நடந்த நம்ம ஐ.டி. அணி கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம்.)



போன வருஷம் எங்க அப்பத்தா இடுப்பு எலும்பு முறிஞ்சு அரசு ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. ராத்திரி துணைக்கு எங்கம்மா, பகல்ல நான். பக்கத்து பெட்டில் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த ஒரு அம்மா. மகள்தான் கூட இருந்து பார்த்துக்கிட்டாங்க. ஒருநாள் காலையில அந்த அக்கா என்கிட்ட வந்து, "தம்பி, அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ. இண்டைக்கு முகாமில வருகைப் பதிவு. நான் போகாட்டி சரிவராது" என்றார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் டிரிப்ஸ் தீர்ந்தது. ஓடிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். மொத்த வார்டுக்கும் அவங்க ஒருத்தர்தான். வந்து பாட்டிலை மாத்தினாங்க, அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தாங்க. "கூட இருந்த பொண்ணு எங்கப்பா?" என்று கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

நம்ம ஊர் ஆஸ்பத்திரி நமக்குத் தெரியும். ஊசி, மருந்து, கட்டு எல்லாம் சிஸ்டர் பார்ப்பாங்க. கஞ்சி ஊட்டுறது, பாத்ரூம் கூட்டிப் போறது, ரிசல்ட் வாங்கி வர்றது எல்லாம் கூட இருப்பவர் வேலை. அவர் எழுந்து போனால் பாதி கவனிப்பு போச்சு. முகாமில் பெயர் பதிவாகலைன்னா மாத உதவித்தொகைக்குச் சிக்கல். அம்மாவா, பதிவேடா? இந்தக் கேள்வியை நம்மில் யாராவது சந்தித்திருக்கிறோமா?

இது சின்ன விஷயம் இல்லை தோழர்களே. 2016 மார்ச் மாதம், திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாம். ஆஸ்பத்திரியில் இருந்த மகனுக்கு வருகை பதிவு செய்யச் சொல்லி ஒரு தகப்பன் கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் மின்கோபுரத்தில் ஏறினார், உயிரோடு இறங்கவில்லை. நம்ம மாவட்டத்தில் நடந்தது இது.

1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள். 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இவர்களுக்கு இடம் உண்டு. நல்லது, வரவேற்போம். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழத்தமிழருக்கு இடமில்லை. முகாம் பிள்ளை நர்சிங் படித்தாலும், குடியுரிமை இல்லாததால் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. சிஸ்டர் போதாத வார்டு ஒருபக்கம், வேலை கிடைக்காத சிஸ்டர் மறுபக்கம்!

நம் கோரிக்கை எளிது. நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டையே வருகைப் பதிவாக ஏற்க வேண்டும். அதை எழுத்து உத்தரவாக ஒவ்வொரு முகாம் வாசலிலும் ஒட்ட வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்வது? ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தோழர்கள் முன்வாருங்கள். யாராவது அட்மிட் ஆனால் பதிவு நாளன்று மூணு மணி நேரம் போய் உட்காருங்கள். பெண்கள் வார்டுக்கு மகளிரணித் தோழர்கள் போகட்டும். போட்டோ வேண்டாம், கட்சித் துண்டு வேண்டாம். சுடுதண்ணி பிளாஸ்க் ஒண்ணு போதும்.

ஷேர் பண்ணுவதோடு நிற்க வேண்டாம் தோழர்களே. வர முடிந்தவர்கள் கமெண்டில் உங்கள் பகுதியை மட்டும் எழுதுங்கள். மாவட்ட அணி தொடர்புகொள்ளும்.



#ஆஸ்பத்திரிசீட்டேவருகைப்பதிவு