ஹோமோசிஸ்டீனும் நம் சைவச் சாப்பாடும்

(ஹைதராபாத் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அதன்பின் ரிடையர் ஆகும் வரை சர்க்கார் ஃபைல்கள்தான். என்னை இந்த விஷயத்தில் இறக்கிவிட்டது ஒரு செருப்பு. சில வருஷங்களுக்கு முன் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோவிலில் தரிசனம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பையன் ஓடி வந்து, "தாத்தா, உங்க செருப்பு ஒண்ணு அங்கேயே கிடக்கு" என்றான். குனிந்து பார்த்தால் இடது கால் வெறும் கால். கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். காலில் மதமதப்பு என்றதும், சர்க்கரையின் வேலை, வயசும் ஆகிறது என்று சொன்னார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து வேறொரு டாக்டர் இரண்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். பி12 மிகக் குறைவு. ஹோமோசிஸ்டீன் 41. அது 15 மைக்ரோமோலுக்குள் இருக்கவேண்டும்.

ஹோமோசிஸ்டீன் என்பது என்ன? பருப்போ, பாலோ, கோதுமையோ, எந்தப் புரதத்திலும் மெதியோனின் என்ற அமினோ அமிலம் உண்டு. உடம்பு அதைத் தன் காரியங்களுக்கு உபயோகித்தபின் மிஞ்சுவதுதான் ஹோமோசிஸ்டீன். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கொல்லையில் சேரும் பத்துப் பாத்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்து வைத்தால் அடுத்த பந்திக்கு ஆகும். அதாவது மறுபடி மெதியோனின் ஆகிவிடும். தேய்க்க ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 என்று இரண்டு பேர் சேர்ந்து வரவேண்டும். பி6 என்ற மூன்றாம் ஆள் கொஞ்சம் பாத்திரத்தை வேறு வழியாக அப்புறப்படுத்துவார். ஆள் வராவிட்டால் கொல்லையில் குவியும். சிறுநீரகம் சரியில்லாவிட்டாலும், தைராய்டு குறைந்தாலும்கூட இந்த அளவு ஏறுவதுண்டு.

இதில் ஃபோலிக் அமிலத்தின் கதை நம் பக்கத்துக் கதை. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய பம்பாய் வந்தார். குன்னூரிலும் தங்கி ஆராய்ச்சி செய்தார். ஈஸ்ட் சாரத்தில் ஏதோ ஒரு சத்து இந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று கண்டார். பிற்பாடு அதுதான் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் நடத்திய குழு 1940-களில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. குன்னூரில் மெக்கரிசன் 1918-ல் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிதான் 1958-ல் நம்மூருக்குக் குடிபெயர்ந்து, இன்று தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஃபோலிக் அமிலம் கீரையிலும் பயறிலும் உண்டு. பி12 அப்படியில்லை. எந்தச் செடியும் அதைச் செய்வதில்லை, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. பசுவின் வயிற்றில் அவை செய்து வைப்பது பால் வழியாக நமக்கு வருகிறது. "பாலும் தயிருமாகத்தானே வளர்ந்தோம்?" என்று மாமிகள் கேட்பது நியாயமே. கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2 மைக்ரோகிராம். 100 மில்லி பசும்பாலில் இருப்பது ஏறக்குறைய 0.4. அரை லிட்டர் பால் வேண்டும். அதுவும் முழுதாக உடம்பில் சேரவேண்டும். வயசானால் வயிற்றில் அமிலம் குறைந்து, உணவிலிருந்து பி12 சரியாகப் பிரிவதில்லை. மெட்ஃபார்மின் உறிஞ்சலைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்கில் விழுங்கும் ஒமிப்ரசோல், பேன்டோபிரசோல் வகைகளும் அப்படியே. நம் வயசில் பலர் சாப்பிடும் பாலோ, காப்பிக்கு விடுவதும் நீர்மோரும்தான்.

புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 441 நடுவயது ஆண்களைச் சோதித்து 2006-ல் வெளியிட்ட முடிவு இது: 67 சதவிகிதம் பேருக்கு பி12 குறைவு, 58 சதவிகிதம் பேருக்கு ஹோமோசிஸ்டீன் அதிகம். நகரத்து நடுத்தர வர்க்கத்தில் பி12 குறைவு 81 சதவிகிதம்! சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து நாலு மடங்குக்கு மேல். படித்தபோது நம் மெம்பர் லிஸ்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, ஏறினால் என்ன கெடுதல்? 1969-ல் அமெரிக்காவில் கில்மர் மெக்கல்லி என்ற நோய்க்குறியியல் டாக்டர், பிறவியிலேயே ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்து இறந்த குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் வயோதிகர்களுடையதுபோல் தடித்திருப்பதைக் கண்டார். கொலஸ்டிராலே எல்லாம் என்றிருந்த காலம். அவரை யாரும் சட்டை செய்யவில்லை. 1990-களில் காற்று திரும்பியது. மாத்திரையால் ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் மாரடைப்பு நின்றுவிடும் என்று நம்பினார்கள். 2006-ல் வந்த ஹோப்-2, நார்விட் என்ற பெரிய ஆய்வுகளில் அளவு இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் மட்டும் ஹோப்-2-ல் ஓரளவு குறைந்தது. 2015-ல் சீனாவில் ரத்த அழுத்தக்காரர்கள் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம், அழுத்த மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்ததில் முதல் பக்கவாதம் 3.4 சதவிகிதத்திலிருந்து 2.7 ஆக இறங்கியது. ஆகவே இதயத்துக்குக் கவசம் என்று யாராவது விலையுயர்ந்த மாத்திரை விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயத்தில் ஹோமோசிஸ்டீன் ஒரு புகார் மனு. மனுவைக் கிழித்துப் போட்டால் போதாது. யார் வேலைக்கு வரவில்லை என்று விசாரிக்கவேண்டும். நம்மிடையே அநேகமாக அது பி12.

பி12 குறைந்தால் நரம்பு கெடும், ஞாபகம் மங்கும், நடை தள்ளாடும். இவற்றை நாம் "வயசாயிடுத்து" என்று தள்ளிவிடுகிறோம். இன்னொரு ஆபத்து, ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியே சாப்பிடுவது. ரத்தசோகை சரியாகிவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

சோதனைக்குப் போகும்போது ஒன்று கவனியுங்கள். ரத்தம் எடுத்த குழாயை உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் பிரிக்கவேண்டும். வெளியே கிடந்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து, இல்லாத அளவைக் காட்டும். காப்பி அதிகம் குடிப்பவர்களுக்கு அளவு சற்றுக் கூடுதல் என்று 1997-ல் நார்வேயில் ஒரு பெரிய ஆய்வு சொல்லிற்று. இதை வீட்டில் சொல்லப்போய் இரண்டு நாள் எனக்கு டிகாக்ஷன் தண்ணியாக வந்தது.

ஆசாரமாக இருப்பவர்கள் கேட்கும் கேள்வி, மாத்திரை சைவம்தானா என்பது. பி12 நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் தயாராகிறது, அதில் தோஷமில்லை. கேப்ஸ்யூல் உறை மட்டும் பெரும்பாலும் ஜெலட்டின், மிருகத்திலிருந்து வருவது. கடையில் மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு, ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

எனக்கு முதலில் ஊசி, பிறகு மாத்திரை. மூன்று மாதத்தில் ஹோமோசிஸ்டீன் 13-க்கு வந்துவிட்டது. வலது கால் சரியாகிவிட்டது. இடது கால் கட்டைவிரலில் மட்டும் உணர்வு இன்னும் திரும்பவில்லை. கோவிலுக்குப் போனால் வாசலில் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.