கூந்தல் மாத்திரையும் கொல்லாமையும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி இராயபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழுக்குச் சமணம் வழங்கிய அறநூல்களுள் இரண்டு, மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தன் வேர்களால் ஆகிய மருந்து அது. கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்தது அது. மருந்துக்குள் இருப்பது இன்னதென்று எண்ணிச் சொல்ல முடிந்த காலம் அது. உண்பவன் எதை உண்கிறோம் என்று அறிந்து உண்டான்.

இன்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எந்த மருந்துக்கடையில் நின்றாலும், கூந்தல் வளர்க்கும் மாத்திரைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கின்றன. கல்லூரி செல்லும் பெண்ணும் வாங்குகிறாள். மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்ட் முடித்து வரும் இளைஞனும் வாங்குகிறான். ஓய்வு பெற்ற நம் போன்றோர் ‘பொதுச் சத்துக்கு’ என்று வாங்குகிறோம். மருத்துவர் சீட்டு இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. அட்டையின் பின்புறத்தைப் படிப்பாரும் இல்லை. ஆகவே நம் குடும்பங்கள் இரண்டு வினாக்களைக் கேட்டுப் பழக வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம். இது என் உடம்புக்கு வேண்டுமா? இது எதனால் ஆயது?

முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். நம் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. ஒரு முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கடுங்காய்ச்சல், மகப்பேறு, அறுவை மருத்துவம், பெருந்துயரம் ஆகியவை நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளுள் பல ஒருசேர ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவை கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. கொரோனாக் காய்ச்சலுக்குப் பின் நம் வீட்டுப் பெண்கள் பலர் சீப்பைப் பார்த்துக் கலங்கியதற்குக் காரணம் இதுவே. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் தானே அடங்கிவிடும். கலங்கியவர் இடையில் மாத்திரை வாங்கி உண்கிறார். முடி திரும்ப வளர்கிறது. பெயர் மாத்திரைக்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

இவ்வுண்மைக்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. நம் திகம்பர முனிவர்களின் இருபத்தெட்டு மூலகுணங்களுள் கேசலோசமும் ஒன்று. இரண்டு முதல் நான்கு மாதத்திற்கு ஒருமுறை அவர்கள் தம் தலைமுடியைத் தம் கையாலேயே பறித்துக் களைகின்றனர். ஒரு நாளைக்கு ஒரே வேளை, நின்றவாறு, ஏந்திய கையில் இட்டதை உண்பவர்கள் அவர்கள். எந்தக் கூந்தல் மாத்திரையும் அவர்கள் அறியார். ஆயினும் அடுத்த லோசத்திற்குள் முடி மீண்டும் முளைத்துவிடுகிறது. மயிர்க்கால் உயிரோடு இருக்கும்வரை முடி முளைக்கும். தந்தை வழியாகவோ தாய் வழியாகவோ வரும் வழுக்கையில் மயிர்க்காலே சிறுத்துப் போகிறது. அதைச் சத்து மாத்திரை மாற்றாது. வடசென்னையின் உவர்நீர் முடியைச் சொரசொரப்பாக்கும். அதற்கும் மருந்து மாத்திரையில் இல்லை.

கூந்தல் மாத்திரைகளில் தலைமையிடம் பெறுவது பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமானது என அமெரிக்க அறிஞர் குழு வகுத்த அளவு 30 மைக்ரோகிராம். வேர்க்கடலையிலும் பருப்பு வகைகளிலும் அது கிடைக்கிறது. பச்சை முட்டையின் வெண்கருவை நெடுநாள் உண்பவர்க்கு அச்சத்துக் குறையும். அந்தக் கவலை நமக்கு இல்லை. அது குறைந்தவர்க்கன்றிப் பிறர்க்கு அதனால் முடி வளரும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. ஆனால் கடையில் விற்கும் மாத்திரைகளில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. பின்னது தேவையைப் போல் 300 மடங்குக்கும் மேல்.

மிகுதியானது சிறுநீரில் போய்விடுமே, கேடென்ன என்று கேட்கலாம். கேடு இரத்தப் பரிசோதனையில் வருகிறது. தைராய்டு, மாரடைப்பு ஆகியவற்றைக் காட்டும் பரிசோதனைகள் சிலவற்றில், பயோட்டின் மிகுந்த இரத்தம் பொய்யான விடையைத் தருகிறது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரித்தது. பயோட்டினை மிகுதியாக உட்கொண்ட ஒருவருக்கு, மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் அளவு பொய்யாகக் குறைந்து காட்டிய நிலையில் இறப்பு நேர்ந்ததையும் அவ்வெச்சரிக்கை குறிப்பிட்டது. நெஞ்சு வலி என்று நள்ளிரவில் ஓடும்போது கூந்தல் மாத்திரையை யார் நினைவில் வைத்துச் சொல்வார்? சொல்ல வேண்டும். முன்கூட்டித் திட்டமிட்ட பரிசோதனையானால், எத்தனை நாள் முன்னதாக மாத்திரையை நிறுத்துவது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அளவு மிகுந்தால் முடியே கொட்டும் என்பதும் உண்மை. உயிர்ச்சத்து ஏ மிகுந்தாலும் செலினியம் மிகுந்தாலும் அவ்வாறு ஆகும். 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில், அட்டையில் அச்சிட்ட அளவைப் போல் 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட்டது. 201 பேர் நோயுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு முடி கொட்டியது. நம் நாட்டிலும் 2024 டிசம்பர் இறுதியில், மராட்டிய மாநிலம் புல்தானா மாவட்டத்துச் சேகாவ் வட்டாரச் சிற்றூர்களில் சில நாட்களுக்குள் பலர் தலை வழுக்கையாயினர். மருத்துவர் இம்மத்ராவ் பவாஸ்கர் ஆராய்ந்து, அவர்கள் உண்ட நியாயவிலைக் கடைக் கோதுமையிலும் அவர்கள் குருதியிலும் செலினியம் மிகுந்திருந்ததாகக் கூறினார். அச்செலினியம் பல கூந்தல் மாத்திரைகளிலும் ஓர் உறுப்பு. சிற்றளவில் அது சத்து, பேரளவில் நஞ்சு.

அப்படியானால் எல்லா மாத்திரையும் வீண் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நம்மவர்க்கு உண்மையிலேயே வேண்டிய சத்து ஒன்று உண்டு. அது பி12. இவ்வுலகில் அதனை ஆக்குவன நுண்ணுயிர்களே. புலால், முட்டை, பால் ஆகியவற்றில் அது உண்டு. கீரையிலும் பருப்பிலும் இல்லை. புலாலும் முட்டையும் நமக்கு ஆகா. எஞ்சியது பாலும் தயிரும் மட்டுமே. ஒரு நாளைய தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் இருக்கும். தேநீரில் விடும் இரண்டு கரண்டிப் பாலை இதில் கணக்கிட முடியாது. முதுமையில் வயிறு அச்சத்தை ஏற்பதும் குறைகிறது. நீரிழிவுக்கு உண்ணும் மெட்பார்மினும், நெஞ்செரிச்சலுக்கு நெடுநாள் உண்ணும் மாத்திரையும் அதனை மேலும் குறைக்கும்.

பி12 குறைந்தால் சோர்வு வரும், நாக்குப் புண்ணாகும், காலும் கையும் மரத்துப் போகும், மறதி வரும். ‘வயதாகிவிட்டது’ என்று நாம் அதனைப் புறந்தள்ளுகிறோம். நெடுநாள் விட்டால் நரம்பின் கேடு மீளாமலும் போகலாம். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சோகைக்கு என்று போலிக் அமிலம் மட்டும் உண்டால் இரத்தம் தேறிவிடும். உள்ளே நரம்புக் கேடு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவேதான் பார்த்து உண்ண வேண்டும் என்கிறேன். கூந்தலுக்கு மாதந்தோறும் செலவிடும் தொகையை ஒருமுறை பி12, ஈமோகுளோபின், பெரிட்டின், தைராய்டு பரிசோதனைக்குச் செலவிட்டால் உண்மை தெரிந்துவிடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் சோகை உடையவர். அவர்களுள் பலர்க்கு முடி உதிர்வின் வேரும் அங்கேயே இருக்கக்கூடும்.

இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். இது எதனால் ஆயது? வழவழப்பான கேப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். மாடு, பன்றி ஆகியவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. மிட்டாய் போல் மென்று தின்னும் கூந்தல் ‘கம்மி’களிலும் அது இருக்கலாம். கொலாஜன் தூள் எருமை, மாடு அல்லது மீனின் தோலிலிருந்து வருவது. ஒமேகா3 உருண்டை பெரும்பாலும் மீன் எண்ணெய். கூந்தல் மாத்திரையில் சேரும் சிஸ்டைன் என்னும் பொருளைக் கோழி இறகிலிருந்தும், மனித முடியிலிருந்தும்கூடப் பிரித்தெடுப்பதுண்டு. உயிர்ச்சத்து டி3 பெரும்பாலும் ஆட்டு மயிரின் பிசுக்கிலிருந்து ஆவது; பாசிக்காளானிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. பி12 நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுவது. அதற்காக எவ்விலங்கையும் அறுப்பதில்லை. ஆனால் அதே பி12ஐ ஜெலட்டின் உறைக்குள் அடைத்து விற்பவரும் உளர்.

அந்திக்கு முன் உண்டு முடித்து, நீரை வடிகட்டி அருந்தி, கிழங்கை ஒதுக்கி வாழும் நம் வீட்டில், காலையில் விழுங்கும் முதற்பொருளே எலும்புக் கஞ்சியின் உறையாக இருப்பது முறையா? அறியாமல் செய்வது வேறு. அறிந்துகொள்ளும் வழி இருந்தும் பாராமல் இருப்பது வேறு.

வழி இருக்கிறது. உணவுச் சத்துப் பொருளாக விற்பனவற்றில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் சைவத்தையும், பழுப்புச் சதுரத்துள் பழுப்பு முக்கோணம் அசைவத்தையும் குறிக்கும். பழைய அட்டைகளில் முக்கோணத்திற்குப் பதில் பழுப்பு வட்டம் இருக்கும். மருந்தாக உரிமம் பெற்றவற்றில் பல அட்டைகளில் இக்குறியைக் காண முடிவதில்லை. அங்கே உறையின் பெயரைத் தேட வேண்டும். எச்.பி.எம்.சி. என்றிருந்தால் அது தாவர நாரால் ஆன உறை. பெக்டின் என்பது பழச் சத்து. கேப்சூல் வேண்டாம் என்றால் மாத்திரையாகவோ, தூளாகவோ, ஊசியாகவோ தரும்படி கேட்கலாம். மருந்துக்கடைக்காரர் தேடித் தருவார். இரவு மாத்திரையை அந்திக்கு முன் உண்ணலாமா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். பல மருந்துகளுக்கு அது இயலும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் உண்ணும் மருந்தின் உறை ஜெலட்டின் என்று அறிந்த மறுநாளே அதை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் மாற்றுக் கேளுங்கள். மாற்று வரும்வரை தொடருங்கள். தன் உயிருக்கு ஊறு செய்வதும் இம்சையே. அதுபோல், வாரம் ஒன்று என்று எழுதித் தந்த 60,000 அலகு டி3 பொட்டலத்தை நாள்தோறும் உண்பதும் இம்சையே. சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

உணவில் செய்யக்கூடியன பல. கேழ்வரகு, எள், கொள்ளு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் இவை நம் அடுக்களைக்குப் புதியன அல்ல. அட்டமி, சதுர்த்தசியில் கீரை தவிர்ப்போர் பயறைக் கூட்டிக்கொள்ளலாம். உணவோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு ஏறும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைப்படும். இளைஞர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

நம் காப்பியமாகிய நீலகேசியின் பெயருக்குக் கருங்கூந்தலாள் என்பது பொருள். அவள் பெயர் கூந்தலால் வந்தது. புகழோ வினாவால் வந்தது. எதிர்ப்பட்ட ஒவ்வொரு சமயத்தாரிடமும் சென்று, ‘உம் கொள்கைக்கு ஆதாரம் யாது’ என்று கேட்டவள் அவள். அவ்வினாவை நம் பெண்கள் மருந்துக்கடையிலும் கேட்கட்டும்.

நிறைவாக அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நான்கு தானங்களுள் மூன்றாவதை மருந்து வாங்கிக் கொடுப்பதாக மட்டும் நாம் கொண்டுள்ளோம். வேண்டாத மருந்தை விலக்கச் சொல்வதும் ஔடத தானமே. அடுத்த விழாவுக்குள் இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நம் குடும்பங்களுக்கு ஒரு பரிசோதனை முகாம் நடத்துக. அறுபது கடந்தோர்க்கு பி12, பெண்களுக்கு ஈமோகுளோபின் என்ற இரண்டு மட்டும் பார்த்தால்கூடப் போதும். வருவோர் வீட்டில் உண்ணும் மாத்திரை அட்டைகளையும் உடன் கொண்டுவரட்டும். உறை எதனால் ஆயது என்று படித்துச் சொல்ல, ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் இருவரை அங்கே அமர்த்துவோம். அந்த மேசையில் நானும் அமர்கிறேன்.