சுத்தபோசனமும் வாயில்லாச் சீவன்களும்

(பங்கு ஜூபிலி விழாவுக்கு முந்தின நாள் மாலை நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



புள்ளலூர் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்குப் போர்தான் நினைவுக்கு வரும். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் திப்புவின் படை, கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை இங்கேதான் முறியடித்தது. மாண்ட வீரர்களைப் பற்றிப் படிக்கிறோம். பீரங்கிகளை இழுத்து வந்த மாடுகளை நாம் நினைப்பதில்லை. ஆண்டவர் நினைக்கிறார். யோனாஸ் ஆகமத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். நினிவே நகரின் மேல் தாம் இரங்கிய காரணத்தைச் சொல்லும்போது, லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்களோடு அங்கிருந்த மிருகங்களையும் சேர்த்தே எண்ணுகிறார்.

நாம் சுத்தபோசனம் காக்கிறோமே, எதற்காக? மாம்சம் அசுத்தம் என்பதற்காக அல்ல. அப்படி நினைத்தால் அது தப்பறை. நமது ஆண்டவர் உயிர்த்த பின்பு சீடர் முன்னிலையில் மீன் உண்டார். சுத்தபோசனம் நாவை அடக்கும் தபசு. கறியை விட்டுவிட்டு விரால் குழம்புக்கு அலைகிறவர்களும் நம்மில் உண்டு. சட்டத்துக்கு அது சரி, தபசுக்குச் சரியா என்று அவரவர் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், பாவம் நுழையுமுன், மனிதனுக்குத் தரப்பட்ட உணவு தானியமும் கனியுமே. மாம்சம் புசிக்க உத்தரவு நோவேயின் காலத்தில், பெருவெள்ளத்துக்குப் பின் வந்தது. அது அனுமதி; கட்டளை அல்ல.

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதக சுவாமிகள் சந்நியாசக் கோலம் பூண்டு மாம்சத்தையும் மதுவையும் விட்டார். அவர் வழிவந்த புனித அருளானந்தரும், 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு வேதசாட்சியாகும் வரை மரக்கறி உணவோடு நின்றார். மறைப்பானேன்? ஆட்டின் மேல் இரங்கி அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மாம்சம் உண்பவனை இழிந்தவன் என்று எண்ணிய சமூகத்தில், நற்செய்தியைக் கேட்க ஆள் வேண்டுமே என்றுதான் செய்தார்கள். இதில் ஆபத்தும் இருந்தது. மரக்கறி உணவு சாதிப் பெருமைக்கு அடையாளமாகிவிட்ட நாடு இது. மாட்டுக்கறி உண்டதைச் சாக்காக வைத்து நம் மக்கள் எந்தெந்தத் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் கறியை விடுகிறவன் கறி உண்கிறவனை அற்பமாய் எண்ணினால், அவன் விட்டது கறியை மட்டுமல்ல, பிறரன்பையும்தான். புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதியபோதே இதைக் கண்டித்துவிட்டார்.

அப்படியானால் திருச்சபை நம்மிடம் கேட்பது என்ன? மிருகங்களை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்தலாம்; தேவையில்லாமல் வதைப்பது மனித மாண்புக்கே விரோதம் என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கூறுகிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலும் இதையே வற்புறுத்துகிறது. புதுப் போதனை என்று நினைக்காதீர்கள். மோயீசன் சட்டத்திலேயே ஓய்வுநாள் எருதுக்கும் உண்டு. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்பதும் உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் களத்தில் வாய்க்கூடு போட்டுத்தான் மாடு ஓட்டினோம். வைக்கோலுக்குத் தலையைத் தாழ்த்தினால் கோலால் அடிப்பது என் வேலை. ஞானோபதேசத்தில் முதல் பரிசு வாங்கியவன் நான்! உபாகமம் அதைத் தடுக்கிறது என்று வளர்ந்த பிறகே தெரிந்தது. அந்தக் காளையிடம் போய் மன்னிப்புக் கேட்க முடியுமா?

மாம்சத்தை அடியோடு விட மனமுள்ளவர்கள் விடட்டும், நான் போற்றுகிறேன். முடியாதவர்களை நான் குற்றஞ்சாட்டவில்லை, ஏனெனில் நாளைய அசன விருந்தில் நானும் உட்காருவேன். ஆனால் அந்த விருந்துக்கு வந்திறங்கிய ஆடுகள் காலை முதல் கொட்டகைக்குப் பின்னால் நிழலில்லாத இடத்தில் கட்டிக் கிடக்கின்றன. நானும் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன். வாலிபர் சங்கத்துத் தம்பிமார் இரண்டு பேர் இப்போதே எழுந்துபோய் அவற்றை வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டி, இரண்டு வாளி தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். அதுவரை நான் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறேன்.