தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்க



"ஓட்டுப் போட்டு என்னம்மா ஆகப்போவுது?"ன்னு நம்ம பிள்ளைக கேக்குதாங்க. ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒருக்க. கிராம சபையோ வருசத்துக்கு 6 தடவை கூடுது. வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தா யாரும் எந்திரிச்சு வரவு செலவு கேக்கலாம், நாம குழுக் கூட்டத்துல கேக்குத மாதிரி.

2021 உள்ளாட்சித் தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில சாருகலாங்கிற 21 வயசுப் பொண்ணு ஊராட்சித் தலைவரா ஜெயிச்சாங்க. நம்ம பிள்ளைகளுக்கும் அது முடியும்.

17 வயது முடிஞ்ச பிள்ளைக்கு இப்பவே படிவம் 6 கொடுங்க. அக்டோபர் 2 கிராம சபைக்கு ஆளுக்கொரு பிள்ளையோட வாங்க. நோட்டுல கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்தா, உள்ள என்ன எழுதுவாங்கன்னு நமக்குத் தெரியாது. முதல்ல தீர்மானத்தை அந்தப் பிள்ளை சத்தமா வாசிக்கட்டும். பிறகு கையெழுத்துப் போடுவோம்.