புளூ மெர்ல் கோலி

‘லாஸி’ படங்களில் ஓடிவரும் பொன்பழுப்பு நாயைப் பலரும் அறிவார்கள். ஸ்காட்லாந்து மலைகளில் ஆடு மேய்த்த ரஃப் கோலி இனம் அது.

அதே இனத்தில் புளூ மெர்ல் என்றொரு அழகும் உண்டு. நீண்ட கறுப்பு முடி ஆங்காங்கே வெளுத்து, சாம்பல் நீலமாக மின்னும். நடுவே மை தெறித்தாற்போல் கறுப்புத் திட்டுகள். சிலவற்றுக்கு ஒரு கண் மட்டும் நீலம்! நிறமி சார்ந்த ஒரு மரபணுவில் கூடுதல் டி.என்.ஏ. துண்டு செருகியிருப்பதே காரணம் என்று 2006-இல் கண்டறிந்தார்கள்.

அம்மாற்றம் தாய், தந்தை ஒருவரிடமிருந்து வந்தால் அழகு. இருவரிடமிருந்தும் வந்தால் ஆபத்து. குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். செவியோ பார்வையோ பறிபோகலாம். இரண்டு மெர்ல்களை இணைசேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இந்த நிலை வரக்கூடும். நிறத்துக்காக இதைச் செய்வது கொடுமை. பிரிட்டனின் நாய் இனப் பதிவு அமைப்பான கென்னல் கிளப், அப்படி இணைசேர்த்துப் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை.