குளிரும் பொறியின் மௌனமும்

பள்ளிக்கூடத்திலே நாள்தோறும் காலையில் வரவு இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர் பெயர்களைக் கூப்பிடுகின்றோம். மறுமொழி வந்தால் வரவு, வராவிடின் வராமை. அந்த அடையாளத்தை இடுவதற்கு ஒரு கணம் போதும். ஆயின், மறுமொழி வராமைக்குக் காரணம் ஒன்றுதானா? செவ்வாய்க் கிரகத்திலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்விக்குத் தக்க விடை தருகின்றது. அதனையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் பெர்சிவியரன்ஸ் என்னும் ஊர்தி செவ்வாயில் ஜெசெரோ என்ற பள்ளத்திலே இறங்கியது. அதன் வயிற்றின்கீழ் மடித்துக் கட்டப்பட்டுச் சென்றது இன்ஜெனுவிற்றி என்னும் சிறு ஹெலிகொப்டர். அதன் நிறை 1.8 கிலோகிராம் மட்டுமே. அதே ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அது எழுந்து பறந்தது. பூமியல்லாத வேறொரு கோளில் இயந்திர வலுவோடு நிகழ்ந்த முதற் பறப்பு அதுவே. ஐந்து முறை பறந்தாற் போதும் என்று கருதி அனுப்பப்பட்ட அப்பொறி, ஓராண்டு கடந்தும் பறந்துகொண்டிருந்தது. அது பூமியோடு நேரே பேசவல்லதன்று. அருகிலுள்ள ஊர்தியோடு வானொலியிற் பேசும். ஊர்தியே அச்செய்தியை நமக்கு அனுப்பிவைக்கும்.

2022ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

நுவரெலியாவிலே புல்லின்மேல் உறைபனி படிந்த காலையைக் கண்டவர்கள், குளிர் இன்னதென்று ஒருவாறு அறிவார்கள். அது சுழியை ஒட்டிய குளிர். செவ்வாயின் குளிர்கால இரவிலோ, வெப்பநிலை சுழிக்குக் கீழே 80 பாகை செல்சியஸ் வரை இறங்குகின்றது. இத்தகைய குளிர் ஓர் இலத்திரனியற் சுற்றுப்பலகையை என்ன செய்யும்?

முதலாவது, மின்கலத்தின் உள்ளே இரசாயன மாற்றங்கள் மந்தமாகின்றன. இருக்கின்ற மின்னையும் அதனால் வெளியே கொடுக்க இயலாது போகின்றது. இரண்டாவது, பலகையும் அதன்மேல் அமைந்த உறுப்புகளும் அவற்றைப் பிணைக்கும் பற்றாசும் வெவ்வேறு அளவிற் சுருங்குகின்றன. இரவிற் சுருங்கிப் பகலில் விரிந்து, நாளடைவில் ஒட்டுகளிலே மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. மூன்றாவது, நேரத்தைக் கணக்கிடும் பளிங்கின் அதிர்வு வெப்பநிலையோடு மாறுகின்றது. பேசுகின்ற இரு கருவிகளும் காலத்தில் ஒத்திராவிடின், ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது.

நம்மிடம் வேலைத்தளம் இருந்தால், பலகையின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே குளிரச்செய்து, எதனைக் குளிர்விக்கும்போது பேச்சு நிற்கின்றதென்று பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். செவ்வாயிலே யார் போய்ப் பலகையைத் தொடுவது? கலிபோர்னியாவிலுள்ள பொறியியலாளர் தம்மிடமிருந்த தகவல்களைக் கொண்டு சிந்தித்தே காரணத்தைத் தேடவேண்டியவராயினர்.

அவர்கள் கண்ட காரணம் இது. குளிர்காலம் நெருங்கியதால் வெயில் குறைந்தது. காற்றிலே தூசி மிகுந்தது. சூரியத் தகடு பகலிற் சேர்த்த மின், இரவு முழுவதும் உறுப்புகளைச் சூடாக வைத்திருக்கப் போதவில்லை. இரவிலே மின் தாழ்ந்தபொழுது, மற்றை உறுப்புகளை உரிய நேரத்தில் எழுப்புகின்ற கட்டுப்பாட்டுச் சில்லு நின்றது. அதனோடு கடிகாரமும் தன் கணக்கை இழந்தது. காலையில் வெயில் ஏறியதும் ஹெலிகொப்டர் விழித்தது, பேசவும் முயன்றிருக்கும். ஆனால் அது தன் பிழையான கடிகாரத்தை நம்பிப் பேசிய வேளையில், ஊர்தி செவிசாய்த்திருக்கவில்லை. ஆகவே பொறி ஊமையாகவில்லை. கேட்கும் வேளையும் பேசும் வேளையுமே வேறுபட்டன.

காரணம் இதுவாயின் பரிகாரமும் எளிது. ஊர்தியின் மற்றைப் பணிகளை ஒதுக்கிவைத்து, நாள் முழுவதும் காது கொடுத்திருக்குமாறு கட்டளை அனுப்பினர். மே மாதம் 5ஆம் நாள், செவ்வாயின் நேரப்படி முற்பகல் 11.45 மணிக்கு, அந்த மெல்லிய குரல் கேட்டது. மின்கலத்தில் 41 வீதம் மின் இருந்தது. பின்னர், சுழிக்குக் கீழே 15 பாகையில் இயங்கத் தொடங்கும் சூடாக்கியை 40 பாகையிலேயே இயங்குமாறு மாற்றி, மின்னைச் சிக்கனஞ் செய்தனர்.

குளிர் வேறோர் இழப்பையும் எதிர்பார்க்க வைத்திருந்தது. பின்னர், புறப்படுமுன் சாய்வை அளக்கும் உணரி பழுதாயிற்று. அவ்வேலையை வேறோர் உணரியைக் கொண்டு செய்யுமாறு புதிய நிரலை அனுப்பி, யூன் 11ஆம் நாள் இருபத்தொன்பதாம் முறையாகப் பறக்கவைத்தனர். 2024ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் சிறகு சேதமுறும் வரை அது எழுபத்திரண்டு முறை பறந்தது. மே மாதத்து மௌனத்தை மரணம் என்று எழுதி முடித்திருந்தால், அவற்றுட் பாதிக்கு மேற்பட்ட பறப்புகள் நிகழ்ந்தேயிரா.

நேயர்களே, என் வகுப்பில் முன்பொருகால் ஒரு சிறுவன் இருந்தான். முதற்பாடத்தில் எதைக் கேட்டாலும் வாய் திறவான். மந்தபுத்தி என்றே நானும் முடிவுகட்டினேன். விடியுமுன் எழுந்து தந்தையோடு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, உண்ணாமல் வருபவன் அவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். இடைவேளையில் ஏதேனும் உண்டபின் அவன் கணக்கிலே யாருக்கும் இளைத்தவனல்லன். அவன் பேசுகின்ற வேளையில் நான் கேட்கவில்லை, அவ்வளவே.

மறுமொழி வராதபோது, வலு உண்டா, இணைப்பு உண்டா, நேரம் ஒத்ததா என்று மூன்றையும் ஆராய்ந்த பின்னரே இடாப்பில் அடையாளமிடுவோமாக.