மாநில எல்லையும் குழந்தையின் காப்புரிமையும்

ஓசூர்ச் சாலையில் அமைந்துள்ள பொம்மனஹள்ளி, 2007-ஆம் ஆண்டில் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைந்தது. அச்சாலையில் தெற்கே சென்றால் அத்திப்பள்ளியை அடுத்துத் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. இப்பகுதியில் வாழும் ஒரு தம்பதியர் பிரிந்து, அவருள் ஒருவர் குழந்தையுடன் சேலத்துக்குச் சென்றுவிட்டதாகக் கொள்வோம். காப்புரிமை வழக்கை விசாரிக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கு உரியது?

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ள சிறார் சட்டம் இதற்கு விடை கூறுகிறது. அதன் 9-ஆவது பிரிவின்படி, சிறார் சாதாரணமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றமே உரியது. மனுதாரரின் இருப்பிடம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. 1984-ஆம் ஆண்டின் சட்டப்படி குடும்ப நீதிமன்றம் அமைந்த இடங்களில் இவ்வதிகாரம் அதனைச் சாரும். சாதாரண வசிப்பிடம் எது என்பது சட்டத்தோடு உண்மை நிலையையும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய வினா என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியது. ஆகவே பள்ளிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை போன்ற எளிய ஆவணங்களும் வழக்கில் முக்கியத்துவம் பெறுகின்றன. இரு மாநிலங்களிலும் வழக்குகள் தொடரப்பட்டால், ஒன்றை மாற்றும் அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு.

உத்தரவு பெறுவது பாதி வேலையே. அரசியலமைப்பின் 261-ஆவது பிரிவின்படி, உரிமையியல் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு, சட்டத்துக்கு உட்பட்டு, நாட்டின் எப்பகுதியிலும் நிறைவேற்றத் தக்கது. பெங்களூருக் குடும்ப நீதிமன்றம் தன் உத்தரவைச் சேலத்து நீதிமன்றத்துக்கு நிறைவேற்றத்துக்காக அனுப்பலாம். சட்டத்தின் பார்வையில் அத்திப்பள்ளி எல்லை ஒரு தடையன்று. நடைமுறையிலோ கோப்பு ஊர் மாறும், புதிய நோட்டீசு பிறக்கும், தவணைகள் நீளும். குழந்தையை ஒப்படைக்க மறுப்பவருக்கு 1890-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதம் முதலில் 100 ரூபாய், பின்னர் நாளொன்றுக்கு 10 ரூபாய், மொத்த வரம்பு 500 ரூபாய். இத்தொகைக்கு இன்று அஞ்சுவோர் யார்? ஒப்படைக்க இசையும் வரை உரிமையியல் சிறையில் வைக்கும் அதிகாரமே அச்சட்டத்தின் உண்மையான வலிமை.

சட்டப்படி உரிமையற்ற ஒருவரின் பிடியில் குழந்தை இருப்பின், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. விரிவான விசாரணை தேவைப்படும் வழக்குகளுக்குக் காப்பாளர் சட்டத்தின் வழியே ஏற்றது.

எவ்வழியாயினும் குழந்தையின் நலனே தலையாயது. தாமதம் நீடிக்குமானால் குழந்தை புதிய ஊரில் வேரூன்றிவிடும். பின்னர் அதனைப் பெயர்ப்பது நலனா என்ற கேள்வியும் எழும். எல்லையைக் கடந்தவருக்குக் காலமே துணையாகிவிடலாகாது. ஆகவே உரிய நீதிமன்றத்தை விரைந்து நாடுதல் பெற்றோரின் கடமை. வந்த உத்தரவைத் தாமதமின்றி நிறைவேற்றுதல் அலுவலரின் கடமை.